நடுத்தண்ணீரில் நின்ற எஞ்சின்

தன் பிள்ளையை அடக்கம் செய்த நாளிலிருந்து கஜேந்திரன் படகுத்துறைப் பக்கம் இறங்கவில்லை. ஆட்கள் துடுப்பால் தள்ளிக்கொண்டு வந்து கரையோரத்து டர்பன்டைன் மரத்தில் கட்டிய படகின் கயிறு கட்டியபடியே கிடந்தது. மழை பெய்து படகுக்குள் நின்ற தண்ணீரை யாரோ இறைத்து ஊற்றியிருந்தார்கள். நடுவில் எஞ்சினை மூடியிருந்த மரப்பெட்டியை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

தேயிலைத் தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவில், லயங்கள் என்ற வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்கு அந்தப் படகுதான் பாதை. பெருமழையில் மலை சரிந்து தோட்டத்து ரோட்டை அப்படியே நீர்த்தேக்கத்துக்குள் தள்ளிவிட்டது. அதற்குப் பிறகு கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போவதென்றால் தண்ணீரைக் கடந்து அக்கரைக்குப் போய், அங்கிருந்து நோர்வூட் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நோர்வூட் பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் சிதம்பரநாதன் முதலாளி, உல்லாசப் பயணிகளை ஏற்றுவதற்காக நீர்கொழும்பிலிருந்து வாங்கி வந்த படகு அது. ரோடு போனதும் அதைத் தோட்டத்து ஆட்களுக்கென்று விட்டுவிட்டார். தொடக்கத்திலிருந்தே ஓட்டியது கஜேந்திரன்.

இப்போது படகும் ஓடாததால் ஆட்கள் மண்சரிவின் மேலாகவே ஏறி நடந்தார்கள். அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, சேற்றில் கால் புதையப் புதைய, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு. ஆனாலும் படகைப் பற்றி கஜேந்திரனிடம் கேட்க எவருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் முதலாளிதான், அறுபது வயதைத் தாண்டியவர், காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அந்தச் சேற்றில் நடந்து லயத்துக்கு வந்தார்.

"கொழும்புலேருந்து ஒரு மெக்கானிக் பாஸ கூட்டியாரேன் கஜேந்திரன். மனசு தேறுற வரைக்கும் வேற யாராச்சும் ஓட்டட்டும். ஒன்ன நான் ஒண்ணும் கேக்கல."

"வேணாங்க மொதலாளி. நானே தொறந்து பாக்குறேன்."

"ஒன்னால முடியுமாப்பா?"

"எதனால நின்னுச்சுன்னு எனக்குத் தெரியணுங்க. வேற ஆளு பாத்து சொன்னா மனசு கேக்காது."

முதலாளி தலையை ஆட்டினார். உள்ளே அடுப்படியில் கஜேந்திரனின் மனைவி ரூபிகா இருந்தாள். அவர் விடைபெற்றபோதும் அவள் வெளியே வரவில்லை.

அன்று நடந்தது இதுதான். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் பிறகு ரூபிகா கொழுந்து பறிக்க மேல்மலைக்குப் போயிருந்தாள். அவர்களுடைய ஒரே மகள் கேஷிகா, அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் சேர வேண்டியவள், வழக்கம்போல, வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் புள்ளக்காம்பராவில் இருந்தாள். பத்து மணி வாக்கில் அவளுக்கு மூச்சு இழுப்பு வந்தது. பிறந்ததிலிருந்து வருவதுதான். ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தால் அடங்கிவிடும். புள்ளக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் நாகலெட்சுமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடி வந்தாள். கஜேந்திரன் உடனே படகை எடுத்தான். அக்கரையில் ஆட்டோவை நிறுத்தி வைக்கச் சொல்லிப் போன் பண்ணினான். எல்லாம் சரியாகத்தான் தொடங்கியது.

பாதித் தண்ணீரைத் தாண்டும் முன்பே சூடு காட்டும் முள் மேலே ஏறியது. கஜேந்திரன் வேகத்தைக் குறைத்தான். முள் இறங்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து ஆவி வந்தது, பெல் அடித்தது, எஞ்சின் இழுத்து இழுத்து நின்றுபோனது. படகில் ஒரு துடுப்புத்தான் இருந்தது. இருந்த பலகையொன்றைப் பெயர்த்து நாகலெட்சுமியிடம் கொடுத்து, இரண்டு பேருமாகத் தள்ளினார்கள். எதிர்க்காற்று. தள்ளுவதில் பாதியைக் காற்று திருப்பித் தந்தது. பிள்ளை எஞ்சின் பெட்டிக்கு எதிரேயிருந்த இருக்கைப் பலகையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தோள் ஏறி இறங்க மூச்சு வாங்கினாள். பேச முடியவில்லை. அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே மலையில் நிரையில் நின்ற பெண்களில் யாரோ, "அந்தா பாருங்க, போட்டு நிக்கிது" என்று காட்டியிருக்கிறார்கள். ரூபிகாவும் நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைத் தண்ணீரின் நடுவில் ஒரு சிறு புள்ளி, அதிலிருந்து மெல்லிய ஆவி. தன் பிள்ளை அதில் இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது. ஆள் வந்து சொன்னதும் கொழுந்துக் கூடையை அவிழ்த்து எறிந்துவிட்டு ஓடி வந்தாள். அவள் கரைக்கு வந்து சேர்ந்தபோது படகு இன்னும் அக்கரையைத் தொடவில்லை. கூப்பிட்டால் கேட்காத தூரம். அவள் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, ஆட்டோவில், கஜேந்திரனின் மடியில் கேஷிகா அடங்கிவிட்டாள்.

மயானத்தில், தேயிலைக்கு நடுவே வெட்டிய சிறு குழியின் பக்கத்தில், எல்லோர் முன்னிலையிலும் ரூபிகா அவனிடம் ஒன்றைக் கேட்டாள். அவன் எஞ்சினைப் பற்றி வீட்டில் பேசிப் பேசி, அவளுக்கும் அது கொஞ்சம் தெரியும்.

"காலையில வடிகட்டிய கழுவினீங்களா?"

"கழுவினேன்."

"கழுவியிருந்தா எப்படி நிக்கும்?"

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை.

தோட்டத்திலும் எல்லோரும் அதையே நினைத்தார்கள். மழைக்குப் பிறகு தண்ணீர் சேறும் பாசியுமாகக் கிடந்தது. எஞ்சினைக் குளிர வைக்கத் தண்ணீரை வெளியிலிருந்துதான் உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் வாயிலுள்ள வடிகட்டி அடைத்தால் எஞ்சின் கொதிக்கும். அதைத் தினமும் கழுவுவது அவன் வேலை. அவன் கழுவத்தான் செய்தான். ஆனால் தினமும் கை செய்கிற வேலை. அன்றைக்குக் கழுவியதாக நினைவில் இருப்பது அன்றைய காலையா, முந்தைய நாள் காலையா? படுத்தால் இதே யோசனை. வடிகட்டியின் மூடியைத் திருகுவதும், உதறுவதும், திரும்பப் பூட்டுவதும் கண்ணுக்குள் ஓடிக்கொண்டேயிருக்கும். எந்த நாள் என்று மட்டும் அது சொல்லாது.

முதலாளி வந்துபோன மறுநாள் காலை அவன் எஞ்சின் கழற்றும் சாவிப் பையை எடுத்துக்கொண்டு துறைக்கு இறங்கினான். பின்னாலேயே கிஷாந்தும் வந்தான். கிஷாந்த் ரூபிகாவின் தம்பி. தாய் தகப்பன் போனபிறகு ரூபிகாவே சோறு போட்டு ஆளாக்கிய தம்பி. ஹட்டனில் ஒரு கராஜில் வேலை செய்கிறான். சாவு வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகாமல் அக்காவோடேயே இருந்தான். ரூபிகா ஏதாவது வாயில் வைத்தாளென்றால் அது அவன் பிசைந்து கொடுத்த சோறுதான்.

"நானும் வாறேன் மச்சான். ரெண்டு கை இருந்தா நல்லந்தானே."

"வா."

படகில் ஏறியதும் கஜேந்திரன் முதலில் வடிகட்டியைத்தான் திறந்தான். மூடியைச் சுழற்றி உள்ளிருந்த கம்பிவலைக் கூட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். அடியில் கொஞ்சம் பாசி, ஒரு துண்டுப் பொலித்தீன். அவ்வளவுதான். வலையின் கண்கள் திறந்திருந்தன. அடைத்துக்கொள்ளும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை.

"இது கழுவுனதுதான் மச்சான்" என்றான் கிஷாந்த். "நீங்க கழுவிட்டுத்தான் போயிருக்கீங்க."

கஜேந்திரன் அந்தக் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். மனசு லேசாகும் என்று நினைத்திருந்தான். ஆகவில்லை. பிறகு ஏன் நின்றது என்பது மட்டும் முன்னைவிடப் பெரிதாக நின்றது.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும் தண்ணீர் கொதித்து ஊற்றிப்போய்க் குறைந்திருந்தது. அதை நிரப்பினார்கள். பெல்ட் இறுக்கமாகவே இருந்தது. சூடேறினால் திறந்து தண்ணீரை விட வேண்டிய தெர்மோஸ்டேட்டைக் கழற்றி, கிஷாந்த் லயத்திலிருந்து கொண்டுவந்த கேத்தலின் கொதிநீரில் போட்டுப் பார்த்தார்கள், வாய் திறந்தது. எஞ்சினை முடுக்கினார்கள். சும்மா ஓடும்போது முள் நடுவிலேயே நின்றது. படகை மரத்தில் கட்டி வைத்துவிட்டு, தண்ணீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறியைச் சுற்ற விட்டு வேகத்தைக் கூட்டியதும், முள் ஏறத் தொடங்கியது. பின்பக்கம் புகைக்குழாயோடு சேர்ந்து வெளியே கொட்ட வேண்டிய தண்ணீர், கொட்டாமல் துப்பியது. துப்பியதிலும் பாதி ஆவி.

"தண்ணி உள்ள போவுது, ஆனா பத்தல" என்றான் கஜேந்திரன். "எங்கேயோ பாதி அடச்சிருக்கு. மெதுவா ஓடினா போதும். பாரம் ஏத்தினா பத்தாது."

எஞ்சினை நிறுத்திவிட்டுத் தண்ணீர் வரும் வழியை நுனியிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தார்கள். கஜேந்திரன் படகின் அடியிலிருந்து வரும் குழாயைக் கழற்றி வால்வைத் திறந்தான். தண்ணீர் குபுக்கென்று பொங்கி அவன் மடியை நனைத்தது. அங்கே தடை இல்லை. அடுத்தது தண்ணீர் இறைக்கும் பம்பு. அதன் முன்மூடியின் ஆணிகளைக் கழற்றி, உள்ளேயிருந்த இம்பெல்லரை இழுத்து எடுத்தான். ஆறு றெக்கை வைத்த சின்ன ரப்பர் சக்கரம் அது. அது சுற்றித்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. ஆறு றெக்கையும் முழுசாக இருந்தன. புதுசு.

"நான் மாத்தினதுதான்" என்றான் கிஷாந்த். "நல்லாத்தானே இருக்கு."

அதைத் திரும்பப் போட்டு, பம்பிலிருந்து போகும் குழாயை வாளிக்குள் விட்டு எஞ்சினை ஒருமுறை சுழற்றினார்கள். தண்ணீர் பலமாக வந்து வாளியில் இடித்தது.

இனி இருப்பது கூலர் மட்டும். வெளியிலிருந்து வரும் குளிர்ந்த தண்ணீர் மெல்லிய செப்புக் குழல்கள் வழியாகப் போய், எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறும் இடம் அது. அதன் முனை மூடியைக் கழற்றக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. ஆணி துருவேறியிருந்தது. கஜேந்திரன் எண்ணெய் விட்டு, தட்டித் தட்டி, மெதுவாக வெளியே எடுத்தான்.

குழல்களின் வாயைச் சேறு அப்பியிருந்தது. பெரிய அடைப்புத்தான். ஆனால் இவ்வளவு மெல்லிய சேறு தானாக அங்கே நிற்காது, தண்ணீரோடு போய்விடும். எதையோ பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறது. அவன் விரலால் வழித்தான். கறுப்பாக ஒன்று வந்தது. வழித்ததும் இன்னொன்று. மூன்றாவது ஒரு குழலுக்குள் பாதி நுழைந்து இறுகியிருந்தது. அதைக் கம்பியால் நெம்பி எடுத்தான். தண்ணீரில் கழுவி உள்ளங்கையில் வைத்தான்.

ரப்பர். வளைந்த மூன்று றெக்கைத் துண்டுகள்.

தண்ணீர் படகின் விலாவில் தட்டிக்கொண்டிருந்தது.

மழைக்கு முன்னால், ராகலையில் ரூபிகாவின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு கஜேந்திரனும் ரூபிகாவும் கேஷிகாவுமாகப் போயிருந்தார்கள். அந்த நாட்களில் படகைப் பார்த்துக்கொண்டது கிஷாந்த். எஞ்சின் சூடேறுகிறது என்று பார்த்து, பம்பைத் திறந்து, கிழிந்த இம்பெல்லரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டான். போனில் சொன்னான். "கெட்டிக்காரன்டா நீ" என்று கஜேந்திரன் சொன்னான். கேஷிகா போனைப் பிடுங்கி, "மாமா, கல்யாண வீட்டுல ஐஸ்கிரீம் குடுத்தாங்க" என்றாள். பேச்சு அதோடு அந்தப் பக்கம் போய்விட்டது.

"பழசுல எத்தன றெக்க இருந்திச்சு?" என்று கஜேந்திரன் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை.

கிஷாந்த் அந்தத் துண்டுகளையே பார்த்தான். "மூணு. மூணுதான் இருந்திச்சு மச்சான். மத்தது தண்ணியோட வெளிய போயிருக்கும்னு நெனச்சேன். பெறகு நல்லா ஓடுச்சே. சூடே ஏறல. நல்லாத்தானே ஓடுச்சு?"

"ஓடுச்சு. அப்ப தண்ணி தெளிவா இருந்திச்சு. மழைக்குப் பொறவு சேறு வந்து இதுல புடிச்சிருக்கு. கொஞ்சங் கொஞ்சமா."

கிஷாந்த் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். வாந்தி எடுப்பவன்போல முதுகு குலுங்கியது. எதுவும் வரவில்லை. "நான்தான் மச்சான். எம் புள்ளைய நான்தான்." அதற்கு மேல் வார்த்தை வராமல் நெற்றியைப் பலகையில் மோதினான். கஜேந்திரன் எட்டி அவன் தலைக்கும் பலகைக்கும் நடுவில் கையைக் கொடுத்தான்.

"விடுடா. விடு."

"அக்காக்கிட்ட சொல்லணும்."

"இப்ப சொல்லாத. அவ ஒன் மொகத்த பாத்துத்தான் இன்னும் உசுரோட இருக்கா. அதையும் புடுங்கிறாத."

"அக்கா ஒங்களத்தானே மச்சான் நெனச்சிக்கிட்டு இருக்கு."

"நெனச்சா நெனச்சிட்டுப் போகட்டும்."

கூலரை முழுசாகக் கழுவினார்கள். ஒவ்வொரு குழலிலும் கம்பி விட்டு எடுத்தான் கஜேந்திரன். கிஷாந்த் ஆணிகளைத் தவறவிட்டான். எல்லாவற்றையும் பூட்டி முடிக்கையில் மத்தியானம் திரும்பிவிட்டது. படகை அவிழ்த்தார்கள். ஓட்டிப் பார்க்காமல் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

முழு வேகத்தில் விட்டான். பின்னால் தண்ணீர் தாராளமாகக் கொட்டியது. முள் நடுவில் வந்து நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. அன்றைக்கு எஞ்சின் நின்ற இடம் வந்தது, வந்து, போய்விட்டது. அக்கரையின் ஆட்டோ நிற்கும் வளைவு, வேலியோரத்துக் காட்டுச் சூரியகாந்தி, சின்னக் கோயில் எல்லாம் கிட்டே வந்தன. படகின் மூக்கு கரைச் சேற்றில் மெல்லப் போய்ச் செருகியது.

கஜேந்திரன் எஞ்சினை நிறுத்தினான். திரும்பி, வந்த தண்ணீரைப் பார்த்தான்.

"இவ்வளவுதானாடா?" என்றான்.

கிஷாந்த் கயிற்றைக் கையில் எடுத்தான். கஜேந்திரன் மறுபடியும் கேட்டான்:

"இவ்வளவு தூரந்தானா?"

பிள்ளை இறந்த அன்றும் அவன் அழவில்லை. செய்ய வேண்டிய காரியங்கள் இருந்தன. அடக்கத்தன்றும் அழவில்லை, ரூபிகாவின் கேள்விதான் காதில் நின்றது. இப்போது, எஞ்சின் நன்றாக ஓடி, படகு ஒரு குறையுமில்லாமல் அக்கரைக்கு வந்து சேர்ந்தபோது, அவன் வாயைத் திறந்து கதறினான். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள் பயந்து கீழே எட்டிப் பார்த்தார்கள்.

திரும்பி வந்ததும் கிஷாந்த் அவன் சொல்லைக் கேட்கவில்லை. படகு கட்டி முடியும் முன்பே கரைக்குத் தாவி, மூச்சிறைக்க லயத்துக்கு ஏறினான். கஜேந்திரன் பின்னால் போய்ச் சேர்ந்தபோது ரூபிகா தண்ணீர் விழும் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கிஷாந்த் அவள் காலடியில் ஈரத்தில் உட்கார்ந்திருந்தான். சொல்லிவிட்டான் என்பது தெரிந்தது.

"எப்ப மாத்துன?" என்று அவள் கேட்டாள்.

"நீங்க ராகலைக்குப் போயிருந்தப்பக்கா."

"கல்யாணத்துக்கு."

"ஆமாக்கா."

அவள் தம்பியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கை அவன் தலைப்பக்கம் போவதுபோல் வந்து, நடுவிலேயே நின்று, இறங்கிவிட்டது.

"போடா" என்றாள். சத்தமே இல்லை. "இங்கேருந்து போயிரு. என்னால ஒன் மொகத்த பாக்க ஏலாது. போயிரு."

கிஷாந்த் எழுந்து லயத்துக் காம்பராவுக்குள் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தான். கஜேந்திரன் படகில் கொண்டுபோய் விட, அக்கரையில் இறங்கும்போது, "அக்கா சாப்பிடுதான்னு பாத்துக்கங்க மச்சான்" என்றான். படகில் அவன் பேசியது அது ஒன்றுதான்.

அன்று மாலை, விளக்குப் போடும் நேரத்தில், ரூபிகா தானாக வந்து வாசல் இஸ்தோப்பில் கஜேந்திரனின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க கழுவிட்டுத்தான் போயிருக்கீங்க."

"ஆமா."

"ஊருக்கு முன்னால வச்சு ஒங்கள கேட்டுட்டேன்."

"நீ கேட்டது சரிதான் ரூபி. நானும் அவங்கிட்ட கேக்கலயே. ஒடஞ்ச துண்டு எங்கடான்னு ஒரு வார்த்த கேக்கல. முள்ளு ஒரு வாரமா கொஞ்சம் மேலதான் நின்னுச்சு. சேத்துத் தண்ணின்னு நெனச்சு வடிகட்டிய மட்டும் கழுவிக்கிட்டு இருந்தேன். அந்தக் கூலர ஒருநாள் தொறந்திருந்தா..."

அவள் குறுக்கே பேசினாள். முன்னால் பார்த்தபடியே பேசினாள்.

"அன்னிக்குக் காலையில அவளுக்குச் சீட்டி மாதிரி இழுத்திச்சு. தலைய சீவும்போது எனக்குக் கேட்டிச்சு. இன்னிக்கு வேலைக்குப் போகாம நிப்போமான்னு பாத்தேன். பெரட்டுல நின்னு பேரப் போட்டுட்டு, மத்தியானம் வந்து பாத்துக்கலாம்னு புள்ளக்காம்பராவுல விட்டுட்டுப் போயிட்டேன். யாருக்கும் சொல்லல. ஒங்கள கேட்டேனே, அதக் கேக்கும்போதும் எனக்கு இது தெரியும்."

கஜேந்திரன் அவள் கையைப் பிடித்தான். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் அழுதார்கள். பக்கத்துக் காம்பராவில் டிவி சத்தத்தை யாரோ குறைத்தார்கள்.

படகு திரும்பவும் ஓடத் தொடங்கியது. வடிகட்டியோடு இப்போது வாரம் ஒருமுறை கூலரின் மூடியையும் திறந்து பார்த்தான் கஜேந்திரன். ஆட்கள் அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு போய் வந்தார்கள். காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தாய்மார் மடியில் வைத்துக் கொண்டுவரும்போது அவன் முன்னால் மட்டும் பார்த்து ஓட்டுவான். சேர்த்துவிட்டுத் தனியாகத் திரும்பி வருவான். ரூபிகா மட்டும் படகில் ஏறவில்லை. எங்காவது போக வேண்டியிருந்தால் மண்சரிவின் மேலாகவே நடந்தாள்.

கிஷாந்த் போனை எடுக்கவில்லை. முதலாளி ஒருநாள் ஹட்டனுக்குப் போய்வந்தவர் துறையில் நின்று சொன்னார்: "ஒன் மச்சினன பாத்தேன். கராஜிலேயே படுத்துக்கெடக்கானாம். ஆளு பாதியாப் போயிட்டான். என்னைய கண்டதும் லொறிக்கு அடியில போயிட்டான்."

கஜேந்திரன் அதை வீட்டில் சொன்னான். ரூபிகா அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். மறுநாள் அவள் பெரட்டுக்குப் போகவில்லை. நல்ல சேலையொன்றைக் கட்டிக்கொண்டு, ஒரு சோற்றுப் பார்சலும் கையுமாகத் துறைக்கு இறங்கி வந்தாள்.

"தம்பிய பாக்கணும்" என்றாள்.

மற்ற ஆட்கள் இடம் விட்டார்கள். ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டு, தாங்கள் அடுத்த தடவை வருவதாகச் சொல்லிக் கரையிலேயே நின்றுவிட்டார்கள். ரூபிகா சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு ஏறி, எஞ்சின் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த இடம் எது என்று கஜேந்திரனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவள் கேட்டாள்: "எங்கிட்டு நின்னுச்சு?"

அவன் வேகத்தைக் குறைத்தான். "இங்கதான்."

அவள் திரும்பி மலையைப் பார்த்தாள். பச்சைச் சரிவில் நிரை நிரையாகப் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள். கையை இறக்கி அதில் வைத்தாள். குளிரில் விரல் சிவந்தது. எடுக்கவில்லை.

"அப்பான்னு கூப்பிட்டாளா?"

"பேச முடியல அவளுக்கு. என்னையே பாத்துக்கிட்டு இருந்தா."

ரூபிகா தலையை ஆட்டினாள். "போங்க" என்றாள்.

நோர்வூட்டில் பஸ் மாறி ஹட்டனில் இறங்கியபோது தூறல் போட்டது. கராஜ் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த இறக்கத்தில் இருந்தது. ஒரு லொறியின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ரூபிகா அந்தச் செருப்பைப் பார்த்தே அடையாளம் கண்டாள். பக்கத்தில் போய், சேலை எண்ணெயில் படுவதைப் பார்க்காமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"கிஷாந்த்."

லொறிக்கு அடியில் தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. கால்கள் அசையவில்லை.

"வெளிய வாடா. சோறு கொண்டாந்திருக்கேன்."

அவன் வரவில்லை. உள்ளேயிருந்து அழுகை மட்டும் கேட்டது. முதலில் அடக்கியும், பிறகு அடக்க முடியாமலும். ரூபிகா பார்சலை ஒரு கையால் மடியில் பிடித்துக்கொண்டு, மறு கையை உள்ளே நீட்டி, எட்டிய இடத்தில் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

கஜேந்திரன் தூறலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனும் போய், ஈரத் தரையில், மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.